ஜவ்வு விலகலுக்கு ஆபரேஷன்: முடிவெடுப்பதில் இருந்து மூன்றாம் மாதம் வரை ஒரு முழு வழிகாட்டி

இடுப்பில் ஜவ்வு விலகியிருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டால் அன்றைக்கே சொந்தத்தில் ஆளுக்கொரு கதை வந்துவிடும். முதுகில் கத்தி பட்டால் கால் போய்விடும், ஆறு மாதம் படுக்கையில் கிடக்க வேண்டும், இன்னாருக்கு மூன்று தடவை செய்தும் சரியாகவில்லை. முதுகுத்தண்டு வார்டில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன்; ஆபரேஷன் முடிந்தவர்களை முதல் தடவை எழுப்பி நிற்க வைப்பது என் வேலை. அவர்களில் பெரும்பாலானவர்கள் வலியைவிட, என்ன நடக்கப் போகிறது என்று தெரியாமல்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள். அதனால் வரிசையாக எழுதுகிறேன்.

இது காலுக்கான ஆபரேஷன்

இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் ஐந்து முதுகெலும்புகள்; மேலிருந்து கீழாக எல்1 முதல் எல்5 வரை என்று பெயர், அதற்கும் கீழே இருக்கும் எலும்பு எஸ்1. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் இருப்பதுதான் டிஸ்க், நாம் ஜவ்வு என்று சொல்வது. வெளியே கெட்டியான நார் வளையம், உள்ளே கூழ் மாதிரியான பகுதி. வளையம் கிழிந்து கூழ் பின்பக்கம் பிதுங்கினால் அங்கே காலுக்குப் போகிற நரம்பு வேரை அழுத்தும். அழுத்துவது மட்டுமில்லை, அந்தக் கூழ் பட்டாலே நரம்பு புண்பட்டு வீங்கும். வலி பிட்டத்தில் தொடங்கி தொடை, கெண்டைக்கால், பாதம் வரை சுள்ளென்று இழுப்பது இதனால்தான். இடுப்பில் விலகுகிற ஜவ்வுகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் கடைசி இரண்டு இடங்களில், அதாவது எல்4-எல்5, எல்5-எஸ்1 இவற்றில்தான் நடக்கின்றன.

ஆபரேஷனில் பிதுங்கிய துண்டை எடுத்து நரம்பை விடுவிக்கிறார்கள். டிஸ்க்கைப் புதிதாக ஆக்குவதில்லை. அதன் தேய்மானம் அப்படியேதான் இருக்கும். ஆகவே கால்வலி நன்றாகக் குறையும், இடுப்புப் பிடிப்பு ஓரளவுதான் குறையும். "கால் சரியாயிடுச்சு, ஆனா இடுப்பு இன்னும் பிடிக்குதே, ஆபரேஷன் ஃபெயிலா?" என்று ரிவ்யூவுக்கு வருபவர்கள் என்னிடம் கேட்காத வாரம் இல்லை. ஃபெயில் இல்லை. கால் இழுப்பே இல்லாமல் வெறும் இடுப்புவலிக்காக இந்த ஆபரேஷனைச் செய்துகொள்ளப் போகிறீர்கள் என்றால், இன்னொரு டாக்டரிடமும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

உடனே செய்ய வேண்டியதா, காத்திருக்கலாமா

காத்திருக்கக் கூடாத நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். மலம் கழிக்கும் இடமும் பிறப்புறுப்பைச் சுற்றிய பகுதியும் மரத்துப் போவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமலே கசிவது, மலம் அடக்க முடியாமல் போவது, இரண்டு கால்களும் ஒரேயடியாகப் பலவீனமாவது. இதில் எது வந்தாலும் அன்றைக்கே, நடுராத்திரி என்றாலும், ஸ்கேன் வசதியுள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். கீழே கொத்தாக இறங்கும் நரம்புகள் மொத்தமாக நசுங்கியிருக்கின்றன என்று அர்த்தம். ஓரிரு நாளுக்குள் அழுத்தத்தை எடுக்காவிட்டால் சிறுநீர், மலக் கட்டுப்பாடு முழுதாகத் திரும்பாமலே போகலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிற விஷயம் இது இல்லை.

அடுத்தது, பாதம் தொங்கிப் போவது. நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்று விழுகிறது, கட்டைவிரலை மேலே தூக்க முடியவில்லை, நாளுக்கு நாள் கூடுகிறது என்றால் சர்ஜன் வாரக்கணக்கில் காத்திருக்கச் சொல்ல மாட்டார்.

மற்றவர்களுக்கு அவகாசம் இருக்கிறது. பலருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் வலி தானாகவே இறங்கிவிடும். பிதுங்கிய துண்டை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகிறது. ஸ்கேனில் பார்க்கப் பயமாக இருக்கும் பெரிய துண்டு, முழுதாகப் பிய்ந்து வெளியே வந்த துண்டு, இவைதான் அதிகம் கரைகின்றன.

நெதர்லாந்தில் நடந்து 2007ல் வெளியான ஓர் ஆய்வை நான் அடிக்கடி சொல்வேன். ஆறு முதல் பன்னிரண்டு வாரமாகக் கடுமையான கால்வலியில் இருந்த 283 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சீக்கிரமே ஆபரேஷன். மறு பாதிக்கு மருந்து, பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் ஆபரேஷன். முதல் குழுவில் பாதிப் பேர் நான்கு வாரத்தில் தேறினார்கள், இரண்டாவது குழுவில் பாதிப் பேர் தேறப் பன்னிரண்டு வாரம் ஆனது. ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் அந்த ஒரு வருடத்துக்குள் ஆபரேஷனுக்கு வந்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதாவது, அவசர அறிகுறி இல்லாதவருக்கு ஆபரேஷன் வாங்கித் தருவது வேகம். தூங்க முடியாமல், வேலைக்குப் போக முடியாமல் இரண்டு மாதம் ஓட்டியவருக்கு அந்த வேகம் பெரிய விஷயம். வலி இறங்கிக்கொண்டு வருபவருக்கு அது தேவையில்லை.

ஸ்கேனும் காலும் ஒத்துப்போக வேண்டும்

1994ல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு மேல் எங்கேயாவது ஒரு டிஸ்க் உப்பியிருந்தது. ரிப்போர்ட்டில் நான்கு இடத்தில் "பல்ஜ்" என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் கலங்கிவிடாதீர்கள். உங்கள் காலில் எந்த இடம் வலிக்கிறதோ அதற்கான நரம்பு, ஸ்கேனில் அதே பக்கம், அதே இடத்தில் அழுந்தியிருக்க வேண்டும். அப்போதுதான் ஆபரேஷன் பலன் தரும்.

இதை நீங்களே ஓரளவு பார்க்கலாம். வலியோ மரத்துப் போவதோ தொடையின் வெளிப்பக்கம், காலின் வெளிப்பக்கம் வழியாகப் பாதத்தின் மேல்புறம், கட்டைவிரல் வரை போனால், குதிகாலால் நடக்க முடியவில்லை என்றால், அது பெரும்பாலும் எல்5 நரம்பு; எல்4-எல்5 ஜவ்வு அழுத்துவது. கெண்டைக்கால் வழியாகப் பாதத்தின் வெளி ஓரம், சுண்டுவிரல் வரை போனால், நுனிக்காலில் எம்பி நிற்க முடியவில்லை என்றால் எஸ்1, அது எல்5-எஸ்1. "என் ஸ்கேனில் இருப்பதும் என் காலில் இருப்பதும் பொருந்துகிறதா டாக்டர்?" என்று கேளுங்கள். நல்ல சர்ஜன் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், படத்தைக் காட்டி விளக்குவார்.

அப்படியே என்ன ஆபரேஷன் என்பதையும் கேட்டு வையுங்கள். மைக்ரோஸ்கோப் வைத்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீறிச் செய்வது மைக்ரோடிஸ்கெக்டமி. 1970களில் இருந்து செய்யப்படுகிறது. இன்றைக்கும் மற்ற முறைகளை இதோடு வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். எண்டோஸ்கோப்பில் கீறல் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு, சிலருக்கு மயக்கம் கொடுக்காமல் மரத்துப்போகும் ஊசியிலேயே செய்துவிடலாம். கால்வலி குறைவதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். எந்த முறையில் அந்த சர்ஜனுக்குக் கை பழகியிருக்கிறதோ அதுவே உங்களுக்கு நல்லது. ஆனால் முதல் தடவை ஜவ்வு விலகிய ஒருவருக்குப் பிளேட், ஸ்க்ரூ வைக்க வேண்டும் என்று சொன்னால் ஏன் என்று கட்டாயம் கேளுங்கள். எலும்பு முன்னே நழுவியிருந்தால் அதற்குத் தேவை இருக்கலாம். வெறும் ஜவ்வு விலகலுக்குப் பொதுவாகத் தேவைப்படாது.

சேருவதற்கு முன்

பணம் முதலில். தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் பாலிசியில் காத்திருப்புக் காலத்தைப் பாருங்கள். பல பாலிசிகளில், விபத்தால் வந்தது தவிர, ஜவ்வு விலகலுக்கு முதல் 24 மாதம் கிளெய்ம் கிடையாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் மருத்துவமனையிலேயே அந்தத் திட்டத்தின் கவுண்டரில் எம்ஆர்ஐயைக் காட்டி, இந்த ஆபரேஷனுக்கு இங்கே அனுமதி கிடைக்குமா என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவிலும் எலும்பு மூட்டுப் பிரிவிலும் இதைச் செய்கிறார்கள்.

சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும், சித்தா, ஆயுர்வேதம் உட்பட, மயக்க மருந்து டாக்டரிடம் காட்டுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டி வரும். ஆனால் ஸ்டென்ட் வைத்தவர்கள் இதய டாக்டரைக் கேட்காமல் தாங்களாக நிறுத்தக் கூடாது. சர்க்கரைக்கு டபாகுளிஃப்ளோசின், எம்பாகுளிஃப்ளோசின் எடுப்பவர்கள் அதைத் தனியாகச் சொல்லுங்கள், அதை மூன்று நாளுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் புண்ணில் தொற்று வரும் வாய்ப்பு அதிகம். சிகரெட், பீடி, ஹான்ஸ் எதுவாக இருந்தாலும் இப்போதே விடுங்கள். நிக்கோட்டின் புண் ஆறுவதையும் கெடுக்கும், புகைப்பவர்களுக்கு ஜவ்வு திரும்ப விலகுவதும் அதிகம்.

வீட்டில் சில மாற்றங்கள் தேவை. பாயில் படுப்பவர்கள் முழங்கால் உயரக் கட்டிலுக்கு மாற வேண்டும். குந்தி உட்காரும் கழிப்பறை மட்டும் இருந்தால், அதன் மேல் போட்டுக்கொள்ளும் ஓட்டை நாற்காலி சர்ஜிகல் கடைகளில் கிடைக்கும், வாங்கி வையுங்கள். குளிக்கும் பக்கெட்டை ஒரு ஸ்டூல் மேல் ஏற்றிவிட்டால் குவளைக்காகக் குனிய வேண்டியதில்லை. அடிக்கடி எடுக்கிற பாத்திரங்களைக் கீழ்த்தட்டில் இருந்து மேடைக்கு மாற்றுங்கள். சமையல் பொறுப்பு முழுதும் ஒரு பெண்ணின் தலையில் இருக்கும் வீடாக இருந்து, ஆபரேஷனும் அவருக்கே என்றால், குறைந்தது மூன்று வாரத்துக்கு வேறு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் தேதி குறிக்க வேண்டும். பெண்கள் பத்தாம் நாளே மாவு கிரைண்டரைத் தூக்கிவிட்டு வலியோடு திரும்பி வருவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசே விட்டுப் போயிருக்கிறது.

ஆபரேஷன் அன்று

ஆறு முதல் எட்டு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்தச் சொல்வார்கள். எந்தப் பக்கக் கால் என்று கேட்டு மார்க்கரால் குறிப்பார்கள். ஒரே கேள்வியை வார்டில் ஒருவர், தியேட்டர் வாசலில் ஒருவர், உள்ளே ஒருவர் என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். எரிச்சல்படாமல் ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லுங்கள். தவறான பக்கம், தவறான இடம் ஆகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் கேட்கிறார்கள்.

மயக்கம் கொடுத்த பிறகு உங்களைக் குப்புறப் படுக்க வைப்பார்கள். மார்புக்கும் இடுப்புக்கும் திண்டு வைத்து, வயிறு அழுந்தாமல் தொங்கும்படி விடுவார்கள். வயிறு அழுந்தினால் முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள ரத்தக் குழாய்கள் புடைத்து ரத்தம் அதிகம் போகும், அதனால் இந்த ஏற்பாடு. அங்கேயே எக்ஸ்ரே எடுத்து இடத்தை உறுதி செய்துகொண்டு கீறுவார்கள். தசையை ஒதுக்கி, எலும்பின் ஓரத்தில் சிறிது செதுக்கி, உள்ளே இருக்கும் மஞ்சள் நிறச் சவ்வைக் கொஞ்சம் எடுத்தால் நரம்பு தெரியும். அதை மெதுவாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, அடியில் பிதுங்கியிருக்கும் துண்டை இடுக்கி போன்ற கருவியால் எடுப்பார்கள். ஒன்று முதல் ஒன்றரை மணி நேர வேலை. வெளியே காத்திருப்பவர்களுக்கு மூன்று மணி நேரம் ஆனது போலத் தெரியும். மயக்கம் கொடுப்பது, திருப்பிப் படுக்க வைப்பது, தெளிய வைப்பது எல்லாம் சேர்ந்து அவ்வளவு ஆகும், பயப்பட வேண்டாம்.

ஆபத்து இல்லாத ஆபரேஷன் கிடையாது. நரம்பைச் சுற்றிய உறை கிழிந்து நீர் கசிவது நூற்றில் சிலருக்கு நடக்கிறது. அங்கேயே தைத்துவிட்டு ஓரிரு நாள் தட்டையாகப் படுக்கச் சொல்வார்கள், பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். தொற்று நூற்றில் ஒன்றிரண்டு. நரம்புக்கே நிரந்தரமாக அடிபடுவது மிக அரிது. இன்னொரு விஷயம், தண்டுவடம் எல்1, எல்2 அளவிலேயே முடிந்துவிடுகிறது. கீழே எல்4, எல்5 பகுதியில் இருப்பது நரம்பு வேர்கள் மட்டும். முதுகில் கத்தி பட்டால் இடுப்புக்குக் கீழ் மொத்தமாகப் போய்விடும் என்ற பயம் இந்த ஆபரேஷனுக்குப் பொருந்தாது. மாதக்கணக்கில் படுக்கை என்ற கதை, எலும்பைப் பெரிதாகத் திறந்து செய்த பழைய காலத்தில் இருந்து வருவது.

கண் விழித்ததும், முதல் நடையும்

தொண்டை கரகரக்கும்; குழாய் போட்டதால். குப்புறப் படுத்திருந்ததால் முகம் லேசாக வீங்கியிருக்கலாம். வெட்டிய இடம் வலிக்கும். பலர் கவனிப்பது ஒன்றைத்தான்: காலில் அந்த இழுப்பு இல்லை. எல்லோருக்கும் இப்படி உடனே நடக்காது. நரம்பு வீங்கியிருந்தால் நாலைந்து நாளில் படிப்படியாகக் குறையும். மரத்துப் போன இடம் அப்படியே இருக்கும். முதலில் வலி போகும், அப்புறம் பலம் வரும், உணர்ச்சி கடைசியில், மாதக்கணக்கில் வரும். வெகுநாள் அழுந்திய நரம்பு என்றால் ஒரு ஓரத்தில் மதமதப்பு நிலைத்துவிடவும் செய்யலாம்.

அன்று சாயங்காலமோ மறுநாள் காலையோ நாங்கள் வருவோம். எழுந்திருக்க ஒரே வழிதான். மல்லாந்து படுத்த நிலையில் முழங்கால்களை மடக்குங்கள். தோளும் இடுப்பும் சேர்ந்தே, உருட்டிவிட்ட கட்டையைப் போல, ஒரு பக்கம் புரளட்டும். இரண்டு கால்களையும் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டே கீழே இருக்கும் முழங்கையையும் மேல் கையின் உள்ளங்கையையும் ஊன்றி எழுங்கள். நேராக எழுந்து உட்கார முயற்சி செய்யாதீர்கள். உட்கார்ந்ததும் ஒரு நிமிடம் பொறுங்கள், தலை சுற்றும். அந்த நேரத்தில் எல்லோரும் செய்வது ஒன்று: மூச்சை அடக்கிக்கொண்டு, கட்டில் கம்பியை விரல் வெளுக்கும் அளவுக்குப் பிடித்துக்கொள்வார்கள். மூச்சு விடுங்கள். காலை நன்றாக ஊன்றி, முட்டியால் எழுங்கள். கட்டிலில் இருந்து கதவு வரை நடந்து திரும்பினால் முதல் நாளுக்குப் போதும்.

சிறுநீர் போனதா என்று நர்ஸ் கேட்டுக்கொண்டே இருப்பார். ஆண்களுக்குப் படுத்தபடி வராது, நின்றால் வந்துவிடும். வலி மாத்திரைகளில் சில மலத்தை இறுக்கும். முக்கினால் இடுப்பில்தான் தெரியும். மலமிளக்கி மருந்தை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

வீட்டில் முதல் ஆறு வாரம்

நடைதான் மருந்து. ஒரே மூச்சில் அரை மணி நேரம் வேண்டாம். ஐந்து பத்து நிமிடம், ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை, வீட்டுக்குள்ளோ மொட்டை மாடியிலோ சமதளத்தில். உட்காருவதை முதல் இரண்டு வாரம் இருபது முப்பது நிமிடத்தோடு நிறுத்துங்கள், சாய்மானமுள்ள நாற்காலியில். சோபா வேண்டாம், அது உங்களை உள்ளே இழுத்து முதுகை வளைக்கும். குனிவது, முறுக்கித் திரும்புவது, எடை தூக்குவது இந்த மூன்றும் கூடாது. மூன்றையும் ஒரே நேரத்தில் செய்ய வைப்பது தரையில் கிடக்கும் குழந்தையைத் தூக்குவது. பேரப்பிள்ளை உட்கார்ந்திருக்கும் உங்கள் மடிக்கு வரட்டும்.

தையலைப் பத்து முதல் பதினான்கு நாளில் பிரிப்பார்கள். அதுவரை ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தேய்த்து நீவி விடுவது, மிதிப்பது, எலும்பு கட்டுபவரிடம் காட்டுவது எதுவுமே வேண்டாம். பெல்ட் பற்றி சர்ஜனுக்குச் சர்ஜன் கருத்து மாறும். என் அனுபவத்தில், பயணத்துக்கு மட்டும் போட்டால் போதும். நாள் முழுவதும் போட்டுக்கொண்டால் தசை வேலை செய்யவே மறந்துவிடும்.

இரண்டாம் மூன்றாம் வாரத்தில் கால்வலி லேசாகத் திரும்பி வரலாம். கலங்க வேண்டாம், நடமாட்டம் கூடும்போது நரம்பு கொஞ்சம் கோபித்துக்கொள்ளும். இரண்டு மூன்று நாள் நடையைக் குறைத்தால் அடங்கிவிடும். ஆனால் கீழ்க்கண்டவை வேறு: காய்ச்சல், தையலில் சீழ், தையல் வழியாகத் தண்ணீர் மாதிரி கசிவும் எழுந்து நின்றால் தலைவலியும், கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத்திணறல், புதிதாகப் பாதம் தொங்குவது, சிறுநீர் அடைப்பு. நன்றாக இருந்தவருக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துப் படுக்கையில் புரளவே முடியாத இடுப்புவலி வந்தால் டிஸ்க்குக்குள் தொற்றாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை தேவை. இவற்றுக்கு ரிவ்யூ தேதி வரை காத்திருக்காமல் அன்றே போங்கள்.

வேலை, வண்டி, தரை

உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மூன்று நான்கு வாரத்தில் போகலாம், அரை மணிக்கு ஒரு தடவை எழுந்துவிட வேண்டும். மூட்டை தூக்குபவர், கொத்தனார், வயல் வேலை செய்பவர் மூன்று மாதம் பொறுக்க வேண்டும். அவ்வளவு நாள் கூலி இல்லாமல் எப்படி என்று கேட்பார்கள், நியாயமான கேள்வி. முடிந்தால் அந்த மாதங்களுக்கு மேற்பார்வை, காவல் மாதிரி நின்று நடக்கும் வேலையைக் கேட்டுப் பாருங்கள். எடை தூக்குவதை மட்டும் முன்னுக்குக் கொண்டு வராதீர்கள்.

பைக், ஸ்கூட்டர் ஆறு வாரத்துக்கு வேண்டாம். வேகத்தடையில் வருகிற குலுக்கல் நேராக அந்த டிஸ்க்கில்தான் இறங்கும். பஸ்ஸில் போக வேண்டியிருந்தால் நடுவில் இருக்கும் இருக்கையில் உட்காருங்கள்; பின் இருக்கை வேண்டவே வேண்டாம். தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடுவது, குந்தி உட்காருவது, கோலம் போடுவது மூன்றாம் மாதத்துக்குப் பிறகு, பயிற்சி சரியாகப் போய்க்கொண்டிருந்தால். தாம்பத்தியம் மூன்று நான்கு வாரத்தில், முதுகுக்குச் சிரமம் இல்லாதபடி மல்லாந்த நிலையில். இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள், அதனால் நானே சொல்லிவிடுவேன்.

பயிற்சியைத் தையல் பிரித்த பிறகு, நாலாவது வாரம் வாக்கில் முறையாகத் தொடங்குவோம். முதலில் மூச்சோடு அடிவயிற்றை இறுக்குவது, பிறகு மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, நாலுகாலில் நின்று எதிரெதிர்க் கையும் காலும் நீட்டுவது. வலி போனதும் ஏறக்குறைய எல்லோரும் இதை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள்.

திரும்ப வந்தால்

அதே இடத்தில் மறுபடி பிதுங்குவது நூற்றில் ஐந்து முதல் பதினைந்து பேருக்கு நடக்கலாம், அதிலும் முதல் சில மாதங்களில் அதிகம். அப்போதும் முதல் தடவை போலவேதான்: அவசர அறிகுறி இல்லை என்றால் மருந்தும் ஓய்வும் பார்ப்பார்கள், அடங்காவிட்டால் மறு ஆபரேஷன். இந்தத் தடவை எம்ஆர்ஐ எடுக்கும்போது ரத்தக் குழாயில் கான்ட்ராஸ்ட் (படத்தில் வேறுபாட்டைக் காட்டும் மருந்து) ஊசி போட்டு எடுப்பார்கள், பழைய தழும்பையும் புதிய ஜவ்வையும் பிரித்துப் பார்க்க. அதற்கு முதல் ஸ்கேனின் சிடியும், எந்த இடத்தில் எந்தப் பக்கம் செய்தார்கள் என்று எழுதியிருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியும் கண்டிப்பாக வேண்டும். வீட்டுக்கு வந்த அன்றே இரண்டையும் ஒரு கவரில் போட்டு, போனிலும் படம் எடுத்து வைத்துவிடுங்கள்.